ராஜ்புத் எங்கே? காஜி படமும் ஒரு பழைய நாசகாரிக் கப்பலும்

2018 பொங்கலுக்கு ஊருக்கு, அதாவது பரளச்சிக்கு, போயிருந்தபோது பெரியப்பாவுக்காக ‘தி காஜி அட்டாக்’ படத்தைப் போட்டுக் காட்டினேன். பெரியப்பா கடற்படையில் ஸ்டோக்கராக இருந்தவர். பாய்லர் அறை வேலை. 1971 போரின்போது விசாகப்பட்டினத்தில் இருந்தார். கப்பலில் இல்லை, கரையில் பணிமனையில். படமும் அதே ஊர், அதே போர். மனுஷன் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். கட்டிலில் உட்கார்ந்து இரண்டு மணி நேரமும் ஒரு வார்த்தை பேசாமல் பார்த்தார். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“எல்லாம் சரிடா. ராஜ்புத் எங்க?”

“படம்தானே பெரியப்பா” என்று சமாளித்தேன். அவர் விடவில்லை. “படம்னா? ஊர்ல நடந்த கல்யாணத்த எடுத்துட்டு மாப்பிள்ளைய மாத்திட்டா அது படமா?” என்றார். அடுத்த வருடம் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருக்குக் கொடுக்க வேண்டிய பதிலைத் தாமதமாக எழுதுகிறேன். பாதி சினிமா விமர்சனம், பாதி ஒரு கப்பலின் சர்வீஸ் ரெக்கார்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கரிசல்காட்டில் ஒரு கப்பல்

எங்கள் ஊருக்கும் கடலுக்கும் சம்பந்தம் கிடையாது. கமுதி, சாயல்குடி தாண்டிப் போனால்தான் கடல். ஊரைச் சுற்றி இருப்பது கரிசலும் சீமைக் கருவேலமும். ஆனாலும் எங்கள் பேச்சில் ஒரு போர்க்கப்பல் இருக்கிறது. பலே கெட்டிக்காரனை, லேசில் பிடிபடாதவனை, “அவன் பெரிய எம்டன்” என்போம். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் கப்பல் அது. அதன் பெரிய தந்திரம் மாறுவேஷம். எம்டனுக்குப் புகைபோக்கி மூன்றுதான். போலியாக நான்காவது ஒன்றை நிறுத்தித் தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு பிரிட்டிஷ் கப்பல் போலத் தெரிய வைத்தார்கள். எதிரிக் கப்பலுக்குத் தமிழில் ஒரு சொல் கிடைத்துவிட்டது. அதே வங்கக் கடலில், அதே மாறுவேஷ வேலையைச் செய்த நம் சொந்தக் கப்பலின் பெயர் நம்மில் பலருக்குத் தெரியாது.

படம் செய்தது

முதலில் படத்துக்கு நியாயம் செய்துவிடுகிறேன். 2017 பிப்ரவரியில் வந்தது. சங்கல்ப் ரெட்டிக்கு அது முதல் படம். நீர்மூழ்கிக் கப்பலுக்குள்ளேயே முழு நீளக் கதை எடுக்க அதற்கு முன் நம் ஊரில் ஆள் துணியவில்லை. இடுக்கமான அறைகள், சோனார் சத்தம், எதிரி எங்கே என்று தெரியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் நிமிடங்கள் எல்லாம் நன்றாக வந்திருந்தன. சிறந்த தெலுங்குப் படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தது.

கதையில் எஸ் 21 என்ற இந்திய நீர்மூழ்கி, பாகிஸ்தானின் காஜியைக் கடலுக்கடியில் துரத்திச் சண்டை போட்டு டார்பிடோவால் முடிக்கிறது. மேலிடத்து ஆணைக்குக் காத்திருக்காத ஒரு கேப்டன், விதியை மீறாத இன்னொரு அதிகாரி, நடுவில் தேசிய கீதம். எஸ் 21 என்பது ஐஎன்எஸ் கரஞ்சின் நிஜ எண். ஆனால் அந்தப் போரில் கரஞ்ச் இருந்தது மேற்குக் கடலில். காஜி மூழ்கியது கிழக்கில், விசாகப்பட்டினம் துறைமுக வாசலுக்குப் பக்கத்தில். அன்று இரவு அந்த வாசலைத் தாண்டிப் போனது 29 வயசான ஒரு நாசகாரிக் கப்பல். பெயர் ஐஎன்எஸ் ராஜ்புத்.

கற்பனை கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. படம் எதை எடுத்துவிட்டு எதை வைத்தது என்பதுதான் என் கேள்வி. அதற்கு முதலில் கப்பலைப் பார்க்க வேண்டும்.

கப்பல்

ராஜ்புத் பிறந்தது ஸ்காட்லாந்தில், கிளைடு நதிக்கரையில் ஜான் பிரவுன் தளத்தில். 1942 மார்ச்சில் நீரில் இறக்கினார்கள், ஆகஸ்டில் பணிக்கு வந்தது. அப்போதைய பெயர் எச்எம்எஸ் ராதர்ஹாம். பிரிட்டனின் கிழக்குக் கடற்படையில் சேர்ந்து இந்தியப் பெருங்கடலில் ஜப்பானுக்கு எதிராக ஓடியது. 1945 செப்டம்பரில் சிங்கப்பூர் கடற்படைத் தளம் மறுபடி பிரிட்டிஷ் கைக்கு வந்தபோது அங்கே நின்ற கப்பல் இதுதான். அந்த ஞாபகமாக செம்பவாங் தளத்தின் ஒரு வாயிலுக்கு ராதர்ஹாம் கேட் என்றே பெயர் வைத்தார்கள்.

போர் முடிந்ததும் பிரிட்டன் வேண்டாத கப்பல்களை விற்றது. சுதந்திர இந்தியா 1940-களின் கடைசியில் மூன்று நாசகாரிகளை வாங்கியது. ராதர்ஹாம் ராஜ்புத் ஆனது, ரிடவுட் ரஞ்சித் ஆனது, ரெய்டர் ராணா ஆனது. நம் கடற்படையின் முதல் நாசகாரிகள் இவைதான்.

எதிரில் இருந்த காஜியும் புதுசு இல்லை. அது அமெரிக்காவின் யுஎஸ்எஸ் டயாப்லோ, 1945-ல் பணிக்கு வந்தது, 1964-ல் பாகிஸ்தானுக்கு வாடகைக்குக் கொடுக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் ஒரே அணிக்காகக் கட்டப்பட்ட இரண்டு கப்பல்கள், கால் நூற்றாண்டு கழித்துப் பெயர் மாறி எதிரெதிரே நின்றன. செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டிகளை வைத்துக்கொண்டு இரண்டு பங்காளிகள் மோதிக்கொண்ட மாதிரி.

திட்டம்

கிழக்குக் கடற்படைத் தலைமையில் அப்போது இருந்தவர் வைஸ் அட்மிரல் என். கிருஷ்ணன். நாகர்கோவிலில் பிறந்தவர். அவருடைய கவலை ஐஎன்எஸ் விக்ராந்த். இந்தியாவின் ஒரே விமானந்தாங்கிக் கப்பல். அதற்கு பாய்லரில் விரிசல், முழு வேகம் போக முடியாது. (“பாய்லர் விரிசல் விட்ட கப்பல்ல வேல பாக்குறது, பத்தவச்ச அடுப்பு மேல உக்காந்த மாதிரி” என்பார் பெரியப்பா.) இந்தக் கப்பலைத் தேடி 1971 நவம்பர் 14 அன்று காஜி கராச்சியிலிருந்து கிளம்பியது. அரபிக் கடலிலிருந்து இலங்கையைச் சுற்றி வங்கக் கடல் வரை வர அவர்களிடம் இருந்த ஒரே நீர்மூழ்கி அதுதான்.

கிருஷ்ணன் விக்ராந்தை அந்தமானுக்கு அனுப்பி ஒளித்தார். பிறகு அது விசாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது என்று எதிரியை நம்ப வைக்கும் வேலையை ஆரம்பித்தார். அவரே எழுதியிருக்கும் விவரப்படி, ராஜ்புத் கடலில் சுமார் 160 மைல் தள்ளிப் போய், ஒரு பெரிய கப்பல் செய்வது போல வயர்லெஸ் செய்திகளைக் கொட்ட வேண்டும். விக்ராந்த் வரப்போகிறது, நிறுத்த இடமும் சாமான்களும் தயார் செய்யுங்கள் என்று சென்னைத் துறைமுகத்துக்குச் சொல்லிவைத்தார். விக்ராந்தில் இருக்கும் மாலுமி ஒருவர் அம்மாவின் உடல்நலம் கேட்பது போல ஒரு தனிப்பட்ட தந்தியும் போனது. ஒட்டுக்கேட்பவனை நம்ப வைக்க இந்த மாதிரிச் சில்லறை விஷயம்தான் உதவும்.

ராஜ்புத்தின் நீளம் சுமார் 109 மீட்டர். விக்ராந்த் 210 மீட்டருக்கு மேல். கண்ணால் பார்த்தால் சின்னப்பிள்ளை கூட ஏமாறாது. காதால் கேட்பவனுக்கு வித்தியாசம் தெரியாது. எம்டன் வைத்தது போலிப் புகைபோக்கி, ராஜ்புத் வைத்தது போலிக் குரல்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நீர்மூழ்கியைத் தூண்டிலில் பிடிக்கும் வேலையில் இந்தக் கப்பல்தான் தூண்டில் புழு. அது அந்தக் கப்பலின் கேப்டன் லெப்டினென்ட் கமாண்டர் இந்தர் சிங்குக்கும் தெரியும். எதிரி நீர்மூழ்கி பக்கத்திலேயே இருக்கலாம் என்று கிருஷ்ணன் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்.

அந்த இரவு

டிசம்பர் 3 மாலை பாகிஸ்தான் விமானங்கள் நம் விமானத் தளங்களைத் தாக்கின, போர் தொடங்கியது. அன்று நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன், சுமார் 11.40-க்கு, ராஜ்புத் விசாகப்பட்டினத்தை விட்டுக் கிளம்பியது. துறைமுக வழிகாட்டி விளக்குகள் அணைக்கப்பட்டிருந்தன. கால்வாயைத் தாண்டி பைலட்டை இறக்கிவிட்டுப் போகும்போது, முன்னால் தண்ணீர் கொந்தளிப்பதைக் காவலுக்கு நின்றவர் பார்த்திருக்கிறார். கப்பல் முழு வேகத்தில் அந்த இடத்துக்குப் போய் இரண்டு டெப்த் சார்ஜ்களைப் போட்டது. ஆழத்தில் வெடிக்கும் பீப்பாய்க் குண்டுகள் அவை. அதன்பின் எதுவும் தென்படவில்லை. ராஜ்புத் நிற்காமல் தன் வழியில் போய்விட்டது.

நள்ளிரவுக்குப் பின் விசாகப்பட்டினத்தில் பெரிய வெடிச்சத்தம் கேட்டது. பிரதமர் இந்திரா காந்தியின் வானொலி உரைக்காக ஊரே ரேடியோ முன் விழித்திருந்த நேரம். காலையில் மீனவர்கள் மிதக்கும் பொருட்களைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கடற்படை முக்குளிப்பவர்கள் இறங்கிப் பார்த்தபோது தரையில் காஜி கிடந்தது. உள்ளே இருந்த தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. டிசம்பர் 9 அன்று இந்தியா அறிவித்தது.

மூன்று கடிகாரங்கள்

ராஜ்புத்தின் குண்டுதான் காஜியை மூழ்கடித்தது என்பது கிருஷ்ணனின் வாதம். பாகிஸ்தான் தரப்பு, தான் வைத்த கண்ணிவெடியே காஜிக்கு எமனானது என்கிறது. மூன்றாவதாக, உள்ளே ஏற்பட்ட வெடிப்பு, ஒருவேளை பேட்டரியிலிருந்து கசிந்த ஹைட்ரஜன், என்ற கருத்தும் உண்டு. இதைச் சொன்னவர்களில் இந்தியக் கடற்படையின் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் உண்டு. முன்பகுதி உள்ளிருந்து வெளியே பிதுங்கியிருந்தது என்று முக்குளித்தவர்கள் சொன்னதாக வந்த தகவல் அவர்களுக்குச் சாதகம்.

கிருஷ்ணன் பக்கத்தின் வலுவான சான்று நேரம். குண்டு போட்ட நேரம், கரையில் சத்தம் கேட்ட நேரம், காஜியிலிருந்து எடுத்த கடிகாரம் நின்ற நேரம், மூன்றும் 12.15-ஐ ஒட்டி இருப்பதாகச் சொல்வார்கள்.

இங்கே என் தொழில்புத்தி விழித்துக்கொள்கிறது. இருபது வருஷமாக சர்வர் லாக் படித்துப் பிழைப்பவன் நான். இரண்டு மெஷின்களின் லாக்கை ஒப்பிடும்போது முதல் கேள்வி, எந்த டைம்ஸோன்? இந்திய நேரம் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால். அப்போது மேற்குப் பாகிஸ்தான் ஐந்து மணி, கிழக்குப் பாகிஸ்தான் ஆறு மணி. காஜியின் கடிகாரம் கராச்சி நேரத்தில் ஓடியிருந்தால் அதன் 12.15 நமக்கு 12.45, அதாவது குண்டு போட்டு அரை மணி கழித்து. டாக்கா நேரமாக இருந்தால் நமக்கு 11.45, ராஜ்புத் கயிற்றை அவிழ்த்து ஐந்து நிமிஷம்தான் ஆகியிருக்கும். பாகிஸ்தான் நீர்மூழ்கி இந்திய நேரம் வைத்திருந்தது என்று யாராவது காட்டாதவரை, அந்த எண் பொருந்துவது சான்று ஆகாது. பொருந்துவதே சந்தேகத்துக்கு இடம்.

இன்னொன்று, டெப்த் சார்ஜின் எல்லை. இரண்டாம் உலகப் போர்க் கால பிரிட்டிஷ் குண்டில் 130 கிலோ வெடிமருந்து. நீர்மூழ்கியின் உடலைக் கிழிக்க அது சுமார் 6 மீட்டருக்குள் வெடிக்க வேண்டும். அதனால்தான் அந்தப் போரில் வரிசை வரிசையாகப் போட்டார்கள். இரண்டே குண்டில் முடிப்பது பெரிய அதிர்ஷ்டம். நடக்காது என்று சொல்லவில்லை. அதிர்வில் காஜி தடுமாறி, தன் கண்ணிவெடியில் மாட்டியிருக்கவும் வாய்ப்பு உண்டு.

தீர்த்துவைக்கக்கூடிய கோப்புகள் பல அழிக்கப்பட்டுவிட்டன என்று 2010-ல் நம் பத்திரிகைகளிலேயே செய்தி வந்தது. 2024 பிப்ரவரியில் நம் கடற்படையின் மீட்பு நீர்மூழ்கி காஜி கிடக்கும் இடத்தைக் கண்டறிந்தது. இறந்தவர்களுக்கு மரியாதையாக அதைத் தொடாமல் விட்டுவிட்டார்கள்.

மறுபடி படம்

இப்போது படத்தின் மேல் என் குறை என்ன என்று சொல்லலாம். நீர்மூழ்கிக்கும் நீர்மூழ்கிக்கும் சண்டை, ஆணையை மீறும் ஹீரோ, நேரில் பார்த்துச் சுட்ட கடைசி அடி என்று எல்லாம் தெளிவாக இருக்கிறது. நிஜத்தில் நடந்தது அதற்கு நேர் எதிர். ஆணையை அப்படியே கேட்டு, விளக்கணைத்த வாசலில் தூண்டில் புழுவாகப் போன ஒரு கிழட்டுக் கப்பல். எதிரியை யாரும் முகத்துக்கு முகம் பார்க்கவில்லை. குண்டு போட்டவர்களுக்கே அது பட்டதா என்று அப்போது தெரியாது. இருட்டுக்குள் போய்க்கொண்டே இருந்தார்கள். இதில் எத்தனை பெரிய படம் இருக்கிறது! ஒரு மாலுமி “தண்ணி கலங்குது சார்” என்கிறார், கேப்டனுக்கு யோசிக்கச் சில வினாடிகள், பிறகு பாக்கி வாழ்நாள் முழுவதும் ‘நாமதானா?’ என்ற கேள்வி. நீர்மூழ்கிக்குள் காத்திருப்பதை அவ்வளவு நன்றாகக் காட்டத் தெரிந்த இயக்குநருக்கு இது கைக்கு எட்டாத விஷயம் இல்லை. ‘தெரியாது’ என்று முடியும் கதையை மக்கள் ஏற்க மாட்டார்கள் என்று பயந்துவிட்டார்கள் போல.

படத்தைத் திட்டும் தேசபக்திக் கட்டுரைகளும் அதே பயத்தில்தான் எழுதப்படுகின்றன. ‘எஸ் 21 பொய், ராஜ்புத்தான் மூழ்கடித்தது, சந்தேகப்படுகிறவன் துரோகி’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ஹீரோவை மாற்றினார்களே தவிர படம் மாறவில்லை. அந்தக் கட்டுரைகளில் பலவற்றில் போட்டிருக்கும் கப்பல் படம் வேறு தப்பு. அது டி 51, சோவியத்தில் கட்டி 1980-ல் பணிக்கு வந்து 2021-ல் ஓய்வுபெற்ற ஏவுகணைக் கப்பல், அதற்கும் ராஜ்புத் என்றே பெயர். 1971-ல் போனது டி 141. அது 1976-லேயே பணி முடிந்து உடைக்கப்பட்டது. இதைக் கிண்டலாகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. நான் முன்பு எழுதிய ஒரு குறிப்பில் அதே டி 51 படத்தைத்தான் போட்டிருந்தேன். பெரியப்பாதான் கண்ணாடியை மாட்டிப் பார்த்துவிட்டு, “இது எங்க கப்பல் இல்லடா, இது பணக்காரக் கப்பல்” என்றார்.

ஆக, 1971-ல் ராஜ்புத்துக்குக் கொடுத்த வேலை, தன்னை வேறொரு கப்பலாக நினைக்க வைப்பது. ஐம்பது வருஷம் தாண்டியும் அந்த வேலை ஓயவில்லை. பாகிஸ்தானுக்கு விக்ராந்தாக, சினிமாவில் எஸ் 21 ஆக, இணையத்தில் டி 51 ஆக. ஒருவராவது அதை அதுவாகப் பார்த்தால் தேவலை.

அதனால் அதன் சர்வீஸ் ரெக்கார்டில் நான் எழுதக்கூடியது இவ்வளவுதான்: 1971 டிசம்பர் 3 இரவு, நீர்மூழ்கி இருக்கலாம் என்று தெரிந்தே வெளியே போனது. சந்தேகம் வந்த இடத்தில் இரண்டு குண்டு போட்டது. விக்ராந்த் பத்திரமாக இருந்தது, அடுத்த நாளே அதன் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. காஜி விசாகப்பட்டினத்தின் வாசலிலேயே கிடந்தது. இதில் எதற்கும் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. ஒரு பழைய கப்பலுக்கு இது போதாதா?

பெரியப்பாவிடம் அந்த ராத்திரியைப் பற்றி எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஒரே வரிசையில் சொல்வார். ரேடியோவைச் சுத்தி உக்காந்திருந்தோம். ராஜ்புத் கெளம்பிப் போச்சுன்னு தெரியும். அப்புறம் சத்தம் கேட்டுச்சு. ஜன்னல் அதிந்துச்சு. பூகம்பம்னு வெளிய ஓடியாந்தோம்.

“அப்ப ராஜ்புத்தான் முக்குச்சா பெரியப்பா?” என்று கேட்டால், “நான் அப்புறம்னுதான சொன்னேன், அதனாலன்னா சொன்னேன்?” என்பார்.

அங்கேயே வேலை பார்த்தவர், பெருமைக்காகவாவது ‘அதனால’ என்று ஒரு தடவை சொல்லியிருக்கலாம். சொன்னதே இல்லை. ஆனால் ராஜ்புத் இல்லாமலும் அந்தக் கதையை அவர் சொன்னதில்லை.